முன்கயிறு

சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் இப்போது சொல்லிவிட்டேன். போலீஸ்காரரிடம் சொன்னேன், மேலாளரிடம் சொன்னேன், தையல்காரம்மாவிடமும் சொன்னேன். தையல்காரம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார், வாங்கிக்கொண்டேன். எல்லாம் ஒரே நாளில் முடிந்துபோன வேலை. தம்பி கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருக்கிறது. பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்க்காமல்தான் தேய்க்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் மூன்றாவது மாடி தனி உலகம். தரைத்தளத்தில், தபால் பிரிவில், பத்து வருடம் குப்பை கொட்டிய பிறகு என்னை அங்கே மாற்றினார்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதில்லை. ஏரிக்குப் போய்க் கயாக் ஓட்டுவார்கள். கயாக் என்றால் ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு. திங்கள்கிழமை மதியம்வரை அதே பேச்சுதான். நான் நடுவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பேன். எத்தனை வாரத்துக்குத் தலையாட்டுவது? யாரோ பழையது ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். மஞ்சள் நிறம். பன்னிரண்டு அடி நீளம். என் கார் பதினோரு அடி.

வாசலில் கிடந்த படகைத் தம்பி இரண்டு முறை சுற்றி வந்தான். காரைப் பார்த்தான். மறுபடி படகைப் பார்த்தான்.

"அக்கா, பேசாம காரைத் தூக்கி இதுக்கு மேல வச்சுக் கட்டிடலாமா?"

"கிண்டல் பண்ணாதடா. முடியுமா முடியாதா?"

"என்கிட்டயா கேக்குற?" என்றான்.

அப்படிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. மரக்கடையில் லாரிகளுக்கு லோடு கட்டுபவன் அவன். பெரிய மரத்தடி, பலகை, கதவுச் சட்டம் எதுவானாலும் அவன் கை பட்டுத்தான் வெளியே போகும். அங்கே அவனுக்குப் பெயரே 'பூட்டு'. பதினாறு வருடத்தில் அவன் கட்டிய லோடிலிருந்து ஒரு பலகை ரோட்டில் விழுந்ததில்லை. வேறு எதையும் பற்றிப் பெருமை பேசாதவன், இதை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். கீழ்வீட்டில் அவனும் அவன் மனைவியும், மாடியில் நான். மூன்றாவது மாடியில் யாராவது தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டால், "மர வியாபாரத்துல இருக்கான்" என்பேன். பொய் இல்லைதானே?

ஞாயிறு காலை ஆறு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். கார் கூரையில் கம்பி ஏதும் கிடையாது. பழைய மெத்தையை வெட்டி இரண்டு துண்டு போட்டு, அதன்மேல் படகைக் கவிழ்த்து வைத்தான். கார்க் கதவுகளைத் திறந்து, இரண்டு நாடாப் பட்டைகளை உள்ளே விட்டு வெளியே எடுத்து இறுக்கினான். பட்டையை ஒருமுறை முறுக்கியே விட்டான். முறுக்காவிட்டால் காற்றில் உறுமிக்கொண்டே வருமாம். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த பச்சை நைலான் கயிற்றைப் படகின் மூக்கிலிருந்து இறக்கி, முன் பம்பருக்குக் கீழே இருந்த கொக்கியில் கட்டினான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி. கடைசியில் படகைப் பிடித்து உலுக்கினான். படகு அசையவில்லை, கார்தான் அசைந்தது.

"இங்க பாரு அக்கா. பட்டை ரெண்டும் படகு சரியாம பாத்துக்கும். காத்து தூக்காம பாத்துக்கறது இந்த முன்கயிறுதான். எதை வேணா அவுரு, இதை மட்டும் அவுத்துடாத."

"சரிடா சரி."

"நானும் வரட்டா? அங்க இறக்கணும், திரும்பி வரும்போது கட்டணும். ஏரியையும் பாத்த மாதிரி இருக்கும்."

இஸ்திரிச் சட்டை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. "வழியில ஆபீஸ்காரங்க மூணு பேரை ஏத்திக்கணும்டா. வண்டியில எடம் இல்ல" என்றேன்.

"அதுவும் சரிதான், சின்ன வண்டி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்ற உள்ளே போனான்.

ஊர் எல்லையில் இருந்த பெட்ரோல் பங்கில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. நான் போய்ச் சேர்ந்தபோது நாலு பெரிய கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்புக் கம்பிச் சட்டம், அதில் படகு பொம்மைக்கடையில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. என் வண்டியின் பச்சைக் கயிற்றையும் மெத்தைத் துண்டையும் சிவப்புத் துணியையும் மேலாளர் மெதுவாக ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன மேடம், வழியில எங்கயாவது மரம் இறக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "யாரு கட்டினது இது?" என்று கேட்டார்.

"யாரோ கடைப் பையன் சார். கிடைச்ச கயித்தைப் போட்டுக் கட்டிட்டான்" என்றேன்.

அவர்கள் காபி குடிக்கப் போன நேரத்தில் குனிந்து முன்கயிற்றை அவிழ்த்தேன். அவன் முடிச்சு இழுத்தால் இறுகும், சரியான நுனியைப் பிடித்தால் ஒரு நொடியில் அவிழும். அந்த நுனியை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவன்தான். கயிற்றையும் சிவப்புத் துணியையும் சுருட்டி டிக்கியில் மிதியடிக்கு அடியில் திணித்தேன். மேலாளரின் காரிலும் முன்னால் கயிறு இருந்தது. மெல்லியது, கறுப்பு நிறம், சட்டென்று கண்ணில் படாது. அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

பாலத்தின் நடுவே எதிரில் ஒரு லாரி பெரும் வேகத்தில் கடந்துபோனது. அந்தக் காற்றில் என் தலைக்குமேல் படகின் மஞ்சள் மூக்கு எழுந்ததை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெத்தைத் துண்டு பறந்தது. பட்டைகள் இறுகியபடியேதான் இருந்தன. படகு அவற்றுக்குள்ளிருந்து பின்பக்கமாக உருவிக்கொண்டு போய் ரோட்டில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒரு தையல்காரம்மா பிரேக் பிடித்து, சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு வலது கை. நல்லவேளை உயிர் தப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ்காரர் வந்தார். மேலாளரும் மற்றவர்களும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"யாரும்மா கட்டினது?"

ஒரு மணி நேரத்துக்கு முன் யாரோ கடைப் பையன் என்று சொன்ன அதே வாயால், "என் தம்பி சார். லோடு கட்டுறதுதான் அவன் வேலை. அவனை நம்பித்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றேன். கிண்டல் செய்தபோது எனக்குத் தம்பியே இல்லை. பழி போட ஆள் தேவைப்பட்டதும் கூடப்பிறந்தவன் நினைவுக்கு வந்துவிட்டான். யோசித்துச் சொல்லவில்லை, அப்படியே வந்துவிட்டது. யோசிக்காமல் வந்ததுதான் இன்னும் கேவலம்.

போன் போட்ட அரை மணி நேரத்தில் தம்பி வந்து சேர்ந்தான். முதலில் தையல்காரம்மாவிடம் போய்க் கைகூப்பினான். பிறகு பட்டைகளை இழுத்துப் பார்த்தான். அப்புறம் காருக்கு முன்னால் குனிந்தான்.

"அக்கா, முன்கயிறு எங்க?"

"தெரியலடா. அறுந்து விழுந்திருக்கும்."

பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அந்தக் கயிற்றைத் தேடினான். வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன, இவன் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போகிறான். எப்படி விட்டது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் தேடியிருப்பான். நான் டிக்கிமேல் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்துல விழுந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தான். போலீஸ்காரரிடம், "என் தப்புதான் சார். முடிச்சு சரியா விழல" என்றான்.

மறுநாளே மரக்கடை முதலாளியிடம் போய், இனி லோடு கட்ட மாட்டேன் என்றானாம். முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பலகை அடுக்குகிற இடத்துக்கு மாற்றிக்கொண்டான். அங்கே அவனை யாரும் பூட்டு என்று கூப்பிடுவதில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் தையல்காரம்மாவின் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிவிடுவான், சாயங்காலம் இறக்கிவிடுவான்.

"சாப்பிட்டுட்டு ஜன்னல் கம்பியில கயிறு கட்டிக் கட்டி இழுத்துப் பாக்குறாரு அண்ணி" என்றாள் அவன் மனைவி. "நீங்களாவது சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு நாளும் படி இறங்கி வருவேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது கேட்டுவிட்டு ஏறிவிடுவேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

நாலாவது ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறினார். அவருடைய ஃப்ரிட்ஜைச் சின்ன வேனில் ஏற்றிக் கட்டித்தரச் சொன்னார். தம்பி முடியாது என்றான், அவர் விடவில்லை. ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். தம்பி கட்டினான், அவிழ்த்தான். மறுபடி கட்டினான், அவிழ்த்தான். மூன்றாவது முறை கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீ ஒரு தடவ இழுத்துப் பாரேன்."

"நான் என்னடா பாக்குறது?"

"இல்ல, பாரு. என் கைமேல எனக்கே நம்பிக்கை இல்ல."

கயிற்றைப் பிடித்து என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். ஃப்ரிட்ஜ் இம்மி நகரவில்லை. வேன்தான் ஆடியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேராகப் போய் என் கார் டிக்கியைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, பச்சைக் கயிற்றையும் சிவப்புத் துணியையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"அறுந்து போகலடா. நான்தான் அவுத்தேன்."

அவன் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். கத்தப் போகிறான், காறித் துப்பப் போகிறான் என்று நின்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப என் முடிச்சு விடல!" என்றான். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வாயேன்! என் கட்டு விடலயாம்! அக்காதான் அவுத்திருக்கு!" என்று கூவினான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது. வாசலுக்கு வந்த அவன் மனைவி கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டான். "ஏன்க்கா அவுத்த?"

கயிறு ரோட்டை மறைத்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடுத்த தடவை ஓரமாகக் கட்டுகிறேன் என்றிருப்பான். "பங்க்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்கடா. லாரி மாதிரி இருக்குன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றேன்.

அவன் தலையாட்டினான். கயிற்றை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் சுற்றத் தொடங்கினான். பாதி சுற்றியதும் கை நின்றது.

"அன்னைக்குப் பாலத்துல பாத்தேன். வண்டியில நீ மட்டும்தான் வந்திருக்க. கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்." என்னைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எடம் இல்லன்னு சொன்னியே, அதுவும் இதுக்குத்தானா அக்கா?"

பின்சீட்டில் அன்று என் கைப்பையும் ஒரு தொப்பியும் மட்டும்தான் இருந்தன.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேனிடம் போனான். ஃப்ரிட்ஜின் கட்டை அவிழ்த்து, பச்சைக் கயிற்றைப் போட்டு, ஒரே முறையில் கட்டி முடித்தான். பிடித்து உலுக்கினான். வேன் ஆடியது. இந்த முறை என்னை இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.