ஐடெல்லா கடைக்கு வழி

பெட்ரல் துறைமுகத்தில் இல்லாத கட்டடங்கள் வழி கேட்பவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியும். அமெரிக்காவின் மெய்ன் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கோடையைக் கழிக்க வருகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவை இல்லாதவை என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எல்லாம் நாங்கள் வழி சொல்லும் பழக்கத்தால் வந்தது. இங்கே நிலம் துண்டு துண்டாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. எதிர்க்கரையில் துணி காய்வது தெரியும், காரில் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். பெயர்ப்பலகை நட்டால் பனி வாரும் வண்டி அடுத்த குளிர்காலத்தில் அதை இடித்துத் தள்ளிவிடும். கைபேசி காட்டிய வழியை நம்பியவர்கள் படகு இறக்கும் சரிவில் காரோடு கடலுக்குள் போயிருக்கிறார்கள். ஆகவே வாயால்தான் சொல்வோம், அதுவும் முன்பு எது இருந்ததோ அதை வைத்து. எரிந்துபோன மத்தி மீன் ஆலையில் திரும்பு, இடித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டு என்போம். எங்களுக்கு அது போதும்.

படகுத்துறையில் வழி சொல்லும் கூண்டில் லியோனா உட்கார்ந்த பிறகுதான், வந்தவர்கள் அவற்றை நேரில் பார்க்கத் தொடங்கினார்கள். "நேராப் போங்க கண்ணுகளா, மத்தி ஆலை வரும், நாத்தமே சொல்லிடும், அங்க இடது பக்கம் திரும்பிடுங்க" என்பாள். போனவர்கள் திரும்பி வந்து, ஆலையில் பெண்கள் பாடிக்கொண்டே மீனை டின்னில் அடுக்கினார்கள் என்று மகிழ்ந்து சொன்னார்கள். எடுத்த படங்களில் வெறும் புல்தரைதான் விழுந்திருந்தது, அதற்குக் கைபேசியைத் திட்டினார்கள். இப்படி ஒரு வாய் வேறு எந்த ஊருக்கு உண்டு என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாங்களும் போய்ப் பார்த்தோம். வழி தெரிந்தவர்களுக்கு அங்கே புல்தான் இருந்தது.

ஓர் ஆகஸ்டில், தீவுப் படகுக்கு வழி கேட்டுப் போன கணவனும் மனைவியும் அவுரிநெல்லிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை வெள்ளை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். லியோனா வழக்கம்போல் யோசிக்காமல், ஐடெல்லா கடையைத் தாண்டிப் போங்கள் என்று சொல்லியிருந்தாள். ஐடெல்லா அவளுடைய தங்கை. முந்தைய குளிர்காலத்துப் புயலில் அந்த ரொட்டிக்கடை, அது நின்ற மரத்துறை, அடுப்புப் பற்றவைக்க உள்ளே போயிருந்த ஐடெல்லா எல்லாம் சேர்ந்து கடலுக்குள் போய்விட்டன. "கடைக்காரம்மா ரொம்பத் தங்கமானவங்க. வீட்டுக்காரர் இன்னும் சாப்பிட வரலைன்னு வாசலையே பாத்துட்டிருந்தாங்க" என்றாள் பலகாரம் வாங்கி வந்த பெண். அப்போது அங்கே கூண்டுக்குப் பக்கத்தில் இரைப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த தர்லோ பிராக்கெட்தான் அந்த வீட்டுக்காரர்.

தர்லோ சிங்கிறால் பிடிப்பவர். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கடலில் முறிந்த தூண்கள் நின்றன, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. மூடுபனியில் போய்ப் பார்த்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு போனார், நன்றாகக் குடித்துவிட்டும் போனார். எப்படிப் போனாலும் கால்கள் அவரைச் சரியாக அந்தத் தூண்களிடமே கொண்டுவந்து விட்டன. கடைசியில் கூண்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் பிறந்தவன் வழி கேட்பது படகை விற்பதைவிடக் கேவலம்.

"எனக்கும் சொல்லு லியோனா."

"உனக்கா? தூக்கத்துல நடந்தாலும் நீ அங்கதான் போய் நிப்ப. தெரிஞ்சவனுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"கக்கூசுக்கு வழி தெரியுமா தர்லோ, கூட வரட்டா?" என்று துறையில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தர்லோ சிரிக்கவில்லை. வெளியூர்க்காரனாகிவிடுவது என்று அன்றே முடிவு செய்தார்.

தாத்தா காலத்திலிருந்து இங்கே இருப்பவனையே நாங்கள் இன்னும் வெளியூர்க்காரன் என்போம், உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரனாவது அதைவிடக் கஷ்டம். தர்லோ படகை விற்றார். தன் சிங்கிறால் பொறிகள் எவை என்று தெரிய மிதவைகளுக்கு அடிக்கும் மஞ்சள், பச்சை நிறங்களை அண்ணன் மகனுக்குக் கொடுத்தார். கடல் வாடையே இல்லாத நெப்ராஸ்காவுக்குப் போய்ச் சோளக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். மறந்துவிட்டதா என்று பார்க்க ஞாயிறுதோறும் லியோனாவுக்குப் போன் செய்து, ஊர் வழியை ஒரு திருப்பம் விடாமல் ஒப்பிப்பார். "பாழாப் போனவனே, எல்லாம் சரியாத்தான் சொல்ற. வை போனை" என்பாள் அவள். வருடங்கள் போயின. அவருக்கு நரைத்தது, பிறகு வழுக்கை விழுந்தது, வழி மட்டும் மறக்கவில்லை. ஒரு ஞாயிறு, மத்தி ஆலை வரை ஒப்பித்துவிட்டுத் தடுமாறினார்.

"அதுக்கப்புறம்... தேவாலயமா?"

"தப்பு தர்லோ. தப்பாச் சொல்லிட்ட. கெளம்பி வா" என்று சொல்லி அழுதாள் லியோனா.

அடுத்த சனிக்கிழமை அரைக்கால் சட்டையும் கேமராவுமாக விடுமுறைக்காரர்களோடு வரிசையில் நின்றார். வேஷமில்லை. துறைமுகத்தை வாய் பிளந்து பார்த்தார், நடைபாலம் எந்தப் பக்கம் என்று முன்னால் நின்றவரிடம் விசாரித்தார். லியோனா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேரைக் கேட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று பயந்தாள்.

"அம்மா, இங்க ஐடெல்லான்னு ஒருத்தங்க கடை வச்சிருக்காங்களாமே?"

"நேராப் போங்க கண்ணு. மத்தி ஆலையில இடது பக்கம். பள்ளிக்கூடம் தாண்டினா மரத்துறை, அதோட நுனியில கடை. தட்ட வேண்டாம், தெறந்துதான் இருக்கும்."

இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் வலது பக்கம் திரும்பிப் போய், வழி தவறித் திரும்பி வந்து, மறுபடி கேட்டார். எங்களில் எவரும் சிரிக்கவில்லை. கை நீட்டிக் காட்டப் போனவனின் கையை நானே பிடித்து இறக்கினேன். ஒரு மனிதன் தன் மனைவிக்காக இத்தனை பாடுபட்டுத் தொலைந்துபோனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இன்றும் நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. அவர் தூண்கள் வரை போனார். அதற்கு மேல் தண்ணீர்தான். தண்ணீருக்கு மேலே சீராக நடந்து போனார். நுனிக்குப் போனதும் நின்றார், தொப்பியைக் கழற்றினார், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கால்மிதியில் காலை நன்றாகத் துடைத்தார், குனிந்து உள்ளே போனார்.

கடலோரக் காவலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கோடை வழக்கம்போல் நடக்கிறது. பலகாரம் வாங்கப் போகிறவர்கள் மட்டும், மத்தியானத்தில் அந்தக் கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிடுகிறார்கள் என்று லியோனாவிடம் வந்து குறை சொல்கிறார்கள்.

"ஆமா கண்ணு," என்கிறாள் அவள். "வீட்டுக்காரர் சாப்பிட வந்திருப்பாரு."