நெற்றிக்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று

போன மாசம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்ததிலிருந்து, மகன் கிதியோனின் நெற்றியை ஜெயசுந்தரி நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பாள். "கையை நம்பாதீங்கம்மா. தெர்மாமீட்டர் வாங்கி வையுங்க. நூறைத் தாண்டினா உடனே கூட்டி வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செகந்திராபாத் மருந்துக்கடையில் கணவன் வெஸ்லி, துப்பாக்கி போல நெற்றிக்கு நேராகப் பிடிப்பதை எடுத்தான். அவள் அக்குளில் வைக்கும் குச்சியை எடுத்தாள்.

"குச்சி வச்சா உன் பிள்ளை அசையாம இருப்பானா? இதுன்னா தூங்கறப்பவே பாத்துடலாம்."

"தள்ளி நின்னு பாத்தா உள்ளே கொதிக்கிறது எப்படித் தெரியும்?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வெஸ்லி துப்பாக்கியைத் தோசைக்கு நேரே நீட்டினான். "நல்ல காய்ச்சல் சுந்தரி. ஊசி போடணும்."

இன்று வெஸ்லி விடியற்காலையிலேயே ரயில்வே பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். ஃபேனுக்கடியில் படுத்திருந்த பிள்ளைக்கு அவள் இரண்டையும் வைத்துப் பார்த்தாள். துப்பாக்கி தொண்ணூற்றெட்டு என்று பச்சை விளக்கு காட்டியது. குச்சி நூற்றொன்று என்றது.

பேகம்பேட் ஆபீசில் அவள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. முதல் மாதம் லீவே கிடையாது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு கிடைத்த முதல் வேலை. விலை கூடின துப்பாக்கி பொய்யா சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குச்சியைக் கைப்பைக்குள் தள்ளினாள். எதற்கும் இருக்கட்டும் என்று காய்ச்சல் மருந்தையும் ஊற்றிவிட்டாள்.

ஆட்டோவில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. குழந்தைகள் காப்பக வாசலில் ஆயா பானு, அங்கிருந்த துப்பாக்கியைக் கிதியோனின் நெற்றிக்கு நேரே பிடித்தாள்.

"பச்சை வந்துடுச்சு மேடம். பிள்ளையக் குடுங்க."

ஜெயசுந்தரிக்குக் கை நீளவில்லை. பிள்ளையின் தொடை அவள் இடுப்பைச் சுட்டது. சிவப்பு வந்திருந்தால், லீவு போட்ட பழி அந்தச் சாமானோடு போயிருக்கும்.

"இன்னொரு தடவை பாரு பானு."

"எதுக்கு மேடம்? பச்சைன்னா பச்சைதான். உங்க ஆபீஸ் பஸ் போயிடப் போகுது."

அவள் படியில் உட்கார்ந்து, குச்சியை எடுத்துப் பிள்ளையின் அக்குளில் வைத்துக் கையை இறுக்கிக்கொண்டாள். சத்தம் வந்ததும் பானுவும் குனிந்தாள். நூற்றிரண்டைத் தாண்டியிருந்தது.

"ஐயோ! அப்ப இது?" பானு தன் கையிலிருந்ததை உதறினாள்.

"ஆட்டோக் காத்துல நெத்தி ஆறிப்போயிருக்கும். காலையிலயும் இப்படித்தான், இது ஒண்ணு சொல்லுச்சு, அது ஒண்ணு சொல்லுச்சு."

பானு நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா கொண்டாந்தீங்க? வலிப்பு வர்ற பிள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்க வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் மேடம்?"

ஜெயசுந்தரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வந்த ஆட்டோ இன்னும் திரும்பவில்லை. அதிலேயே ஏறி, டாக்டர் வீட்டுத் தெருவைச் சொன்னாள். பாதி வழியில் ஆபீஸ் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"பையனுக்குக் காய்ச்சல் சார். இன்னிக்கு வர மாட்டேன்."

"முதல் மாசம்னு சொல்லியிருந்தேனேம்மா."

"ஆமா சார். சொன்னீங்க."

அந்தப் பக்கம் அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவள் போனை மடியில் போட்டுவிட்டு, கிதியோனின் ஸ்வெட்டர் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவன் கண்கள் மேலே செருகுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.