கத்பர்ட் மாமாவின் கன்னிப் பேச்சு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடாளுமன்றத்து உயர ஜன்னல்களிலிருந்து வெயில் மெல்ல இறங்கி எதிர்க்கட்சி வரிசையில் வந்து உட்காரும், அதற்கும் ஒரு தொகுதி இருப்பதுபோல. அந்த வெயிலில்தான் என் மாமா சர் கத்பர்ட் தோர்ன்பி பழமைவாதக் கட்சிக்காகப் பல வருடங்கள் தூங்கிவந்தார். மோட்டார் வண்டியை எதிர்த்து வாக்களித்தார், வந்துவிட்டது. தொலைபேசியை எதிர்த்தார், வீட்டுக்கே வந்துவிட்டது. சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று காலை கொறடா டென்ஹாம் எங்களைத் தாழ்வாரத்தில் மறித்தார். நான் மாமாவின் காரியதரிசி.

"இன்னிக்கும் வாயத் திறக்கலேன்னா அடுத்த தேர்தல்ல உங்க தொகுதி சோப்புக் கம்பெனிக்காரருக்குத்தான், சர் கத்பர்ட். அந்தாளு தூக்கத்துலகூடப் பேசுவாராம்."

"நானும் பேசுவேன். வேணும்னா இவன் அத்தையக் கேளுங்க" என்றார் மாமா. ஆனால் இந்த இருக்கை போனால் பகலில் போக அவருக்கு வேறு இடமில்லை. வீட்டில் அத்தை விழித்திருப்பார்.

அன்று விவாதத்துக்கு வந்தது, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் மசோதா. மாடு கடிகாரம் பார்ப்பதில்லை என்பது மாமாவின் வாதம். அதைச் சொல்லக் காத்திருந்தவர் வெயில் பட்டதும் கண்ணயர்ந்தார். விழித்தபோது வாக்கெடுப்பே தொடங்கிவிட்டது. இனி சபை விதி மீறப்படுகிறது என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினால்தான் பேச்சு. வாக்கெடுப்பின்போது அதை எழுப்புகிறவர் உட்கார்ந்தபடி, தலையில் தொப்பியோடு பேசவேண்டும் என்பது சபை மரபு. மாமா தன் தொப்பியைத் தேடினார். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் கிடந்ததை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். யாரோ பெரிய தலைக்காரருடையது, மூக்குவரை இறங்கியது.

"யாருய்யா அந்தத் தொப்பிக்குள்ள?" என்றார் எதிர்வரிசையில் ஒருவர். சபையே சிரித்தது.

பார்வையாளர் மாடத்திலிருந்து குனிந்து பார்த்தேன். மாமா தொப்பியை உயர்த்தவில்லை.

"சபாநாயகர் ஐயா," என்றார், வீட்டில் நான் கேட்டிராத குரலில். "இருட்டிடுச்சு. எங்க ஊர்ல மாடெல்லாம் கதவுகிட்ட வந்து நிக்குது. யாரும் கூப்பிடல. அதுங்களா வந்துச்சு."

சிரிப்பு அடங்கியது. இது ஒழுங்குப் பிரச்சினையா என்று சபாநாயகர்தான் சொல்லவேண்டும். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்களிக்க வெளிக்கூடத்துக்குக் கிளம்பியவர்கள், டென்ஹாம் உட்பட, வாசலருகே தோளோடு தோள் உரசி, மெல்ல மூச்சுவிட்டபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.