சூரைச்செடிக்கு அட்டை இல்லை

டீச்சர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அது அவள் காதுக்கும் வந்துசேர்ந்தது. "நல்ல ஸ்டேஷன்தானே பிடிக்குது, ஒழுங்கா கேளுங்க" என்று சிரித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது தன் வீட்டு உள்ளறை வாசலில் நின்றுகொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தவர் அவள் கணவர். மரம் வெட்டுவது அவர் தொழில். கூரைமேல் சாய்ந்த மரம், கரண்டு கம்பியில் உரசுகிற மரம் என்று எதைத் தொட மற்றவர்கள் பயப்படுவார்களோ அதற்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூடவே நெட்டை போவார். உயரத்தால் வந்த பெயர் அது. இவர் அறுக்க, நெட்டை தள்ளி நின்று கயிற்றை இழுத்து, மரத்தை விழவேண்டிய பக்கம் விழவைப்பார். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே அந்தக் கூட்டு. நெட்டை சாப்பிடாமல் இவர் சாப்பிட்டதில்லை.

அறுப்பதற்கு முன்னால் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே பொந்து இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குப் பார்த்து அவர் தட்டவில்லை. மழை கருக்கிக்கொண்டு வந்தது. மரமோ மேலே பச்சைப்பசேலென்று இலை தள்ளி நின்றது. இதற்குப் போய் என்ன தட்டுவது என்று அடிமரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டார். பாதி அறுப்பதற்குள் மரம் முறுக்கிக்கொண்டு, விழக்கூடாத பக்கம் விழுந்தது. நெட்டைக்குக் கத்தக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து படுத்தவர்தான். சவரம் இல்லை, குளியல் இல்லை, பேச்சு இல்லை. தட்டு போனபடியே திரும்பி வந்தது. மெல்ல மெல்ல, கண்ணெதிரே, மனுஷன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

டீச்சருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், வசனம். வேதத்தில் வருகிற மரங்கள் என்பது அவளுடைய செல்லப் பாடம். ஏதேனில் நின்ற ஜீவவிருட்சம், சகேயு ஏறி உட்கார்ந்த காட்டத்தி, மாராவின் கசப்புத் தண்ணீரை இனிப்பாக்கிய மரம், லீபனோனின் கேதுரு எல்லாவற்றையும் கம்பளித் துணியில் வெட்டி வைத்திருந்தாள். பலகையில் ஒட்டினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மரத்துக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஒரு வசன அட்டை உண்டு. அந்த அட்டைகளைத்தான் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு எடுத்துப்போனாள். மாராவைச் சொன்னாள், கேதுருவைச் சொன்னாள். மரத்தால் நொறுங்கிக் கிடக்கிறவரிடம் போய் மரத்தையே சொல்கிறோமே என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கையில் இருந்தது அதுதான், அதை நீட்டினாள்.

அன்று மத்தியானம் எடுத்துப்போனது யோபுவின் அட்டை.

"ஏங்க, இத ஒண்ண மட்டும் கேளுங்க. வெட்டிப்போட்ட மரத்துக்குக்கூட நம்பிக்கை இருக்காம். தண்ணியோட வாசனை பட்டாலே துளிர்த்துடுமாம். பிள்ளைங்கள எல்லாம் பறிகொடுத்த மனுஷன் சொல்றாரு."

"அப்புறம்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த சொல். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"அப்புறம் என்னங்க, நம்மளும் அதே மாதிரி…"

"அதுக்கு அடுத்த வரி என்ன எழுதியிருக்குன்னு கேக்குறேன்."

அடுத்த வரியா? அட்டை அதோடு முடிந்திருந்தது. இத்தனை வருஷமும் அவளுக்கு யோபு என்றால் அந்த அட்டையளவுதான். அலமாரியிலிருந்து வேதத்தை எடுத்துவந்து விரலால் தேடிப் படித்தாள். மரம் துளிர்க்கும் என்றது. மனுஷன் செத்தால் போய்விடுகிறான், பிறகு அவன் எங்கே என்று கேட்டது. அவள் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கி நின்றது.

"மரத்துக்கு இருக்கு. நெட்டைக்கு இல்ல." அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிய மட்டும் கிழிச்சு எடுத்துட்டு வராத டீச்சரம்மா."

"நான் வேணும்னு செய்யலங்க…"

"இலையப் பாத்து ஏமாந்தேன்டி. இயேசு பழம் தேடிப்போன அந்த அத்தி மரமும் இப்படித்தானே? வெளிய இலை, உள்ள ஒண்ணுமில்ல. அதுவாவது சபிச்சதும் பட்டுப்போச்சு. நான் மட்டும் ஏன் கெடக்குறேன்? போதும். ஆண்டவர் என்ன எடுத்துக்கிட்டா போதும்."

எப்படிக் கொல்லைக்கு வந்தாள் என்றே தெரியாது. கருவிகள் இருந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலி ஓரமாக வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, பட்டப்பகல்ல பூட்டுறீங்க? திருடன் வரானா? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மூச்சுவிடாம பாடம் எடுக்குறீங்க. எங்க அண்ணன எழுப்பி உக்கார வைக்க ஒரு நல்ல வார்த்தை கிடைக்கலையா?"

"சாகணும்னு சொல்லிட்டாரு."

நாத்தனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"உங்க அண்ணன் வாயால சொல்லிட்டாரு. என்கிட்ட வார்த்தை தீந்துபோச்சு. இனி நான் எதச் சொன்னாலும் அது அவருக்கு எதிராவே திரும்புது. என்ன செய்யுறதுன்னு தெரியலடி."

"அழாதீங்க அண்ணி. நான் ஒரு ஓட்டவாயி. புத்தியில்லாம பேசிட்டேன். எங்க வீட்டுக்காரர டாக்டர்கிட்ட அனுப்புறேன், கையோட கூட்டிட்டு வரட்டும். நான் இந்தா, அண்ணன் அறை வாசல்ல உக்காந்துக்குறேன். நகர மாட்டேன்."

அவளை வாசலில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் அடுக்களைக்குள் வந்தாள். என்ன சொல்லட்டும் ஆண்டவரே, நீங்களே சொல்லுங்கள் என்று சுவரில் தலையை வைத்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவர் சொன்ன 'போதும்' மட்டும் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த வார்த்தையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே.

எலியா. எலியா பாடத்தை அவள் எத்தனை தடவை எடுத்திருப்பாள்! காகம் உணவு கொண்டுவந்தது, வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது, அக்கினி ரதத்தில் ஏறிப்போனார் என்று கைதட்டலோடு முடிப்பாள். நடுவில் ஒரு பக்கம் இருந்தது. வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட பக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எப்போதும் தாண்டிப்போய்விடுவாள். தவிரவும் சூரைச்செடியை மரமென்று யார் சொல்வார்கள்? ஒரு ஆள் படுத்தால் தலைக்கு மட்டும்தான் நிழல் கிடைக்கும். அதற்கு அவள் துணி வெட்டவில்லை, அட்டையும் எழுதவில்லை.

அடுப்பு மேடையில் வேதத்தை வைத்து, இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தாள். இப்படிக் கேட்டவரை ஆண்டவர் என்ன சொல்லிக் கண்டித்தார் என்று தேடினாள். கண்டிக்கவில்லை. வாக்குத்தத்தம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் தூங்கிவிட்டான். தூதன் வந்து தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பார்த்தால் தலைமாட்டில் சுட்ட ரொட்டியும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். அதற்கும் திட்டவில்லை. தூதன் திரும்பவும் தொட்டான், திரும்பவும் ரொட்டி. போகவேண்டிய தூரம் அதிகம் என்று மட்டும் சொன்னான்.

அடக் கடவுளே, இவ்வளவுதானா என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு மாவைப் பிசைந்தாள். ரொட்டி கோணல்மாணலாக வந்தது. ஒரு ஓரம் கருகியும் போனது. ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே போய், கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். யோபுவின் அட்டையை எடுத்து மடித்து இடுப்பில் சாவியோடு சேர்த்துச் செருகினாள். அவர் தோளைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

ஒன்றும் பேசவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அவளை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கு நுனிவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

வாசலில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். வெகு நேரம் போனது.

"என்ன இன்னிக்கு, ரேடியோ ஓடல?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

அவள் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, எட்டி, அவர் கைக்குள் வைத்தாள். கை மூடவில்லை. துண்டு போர்வையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை விரல்கள் லேசாக மடங்கின.

அவர் மெல்லத் திரும்பினார். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. துண்டை வாயில் போட்டவர் வெகு நேரம் மென்றார், கல்லை மெல்லுகிற மாதிரி. விழுங்க முடியாமல் விக்கினார். சொம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"கருகியிருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"நெட்டை இருந்தா இதுக்கே ஒரு நாள் பூரா கிண்டல் பண்ணுவான்."

சொன்னதுதான் தாமதம், அவருக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அடக்கத்தன்றுகூட அழாதவர், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளிடம் ஆறுதல் வசனம் எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அழுகை அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த துண்டைப் பிய்த்து வைத்தாள். அதில் பாதியைத் தின்றவர் அப்படியே கண்ணை மூடிவிட்டார். இந்தத் தடவை முகம் அவள் பக்கம் இருந்தது.

வெளியே டாக்டர் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. நாத்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணி, எழுப்பவா?" என்று கிசுகிசுத்தாள்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றாள் டீச்சர். "ஒரு தூக்கம் தூங்கட்டும். நான் போய் இன்னொரு ரொட்டி சுட்டுட்டு வந்து எழுப்புறேன்."