படலம் வளர்த்தவள்

குளித்துவிட்டு வந்தவள் கைப்பையைத் திறந்ததும் நின்றுவிட்டாள். ஆய்வுக் குறிப்பேடு தலைகீழாகக் கிடந்தது.

"என் பையைத் தொட்டீங்களா?"

கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேனா தேடினேன்."

அவன் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன.

"ஒரே வீட்டுக்குள்ள என்னம்மா உன் பை, என் பை?" என்றாள் மாமியார், துணி மடித்துக்கொண்டே. "புருஷன் தொட்டா தேய்ஞ்சா போயிடும்?"

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. சூடான கண்ணாடித் தகட்டின்மேல் துத்தநாகக் கரைசலைத் தெளித்து, தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய படலம் வளர்ப்பவள் அவள். காற்றில் நச்சுவாயு சிறிது கலந்தாலும் அந்தப் படலத்தில் மின்னோட்டம் மாறிவிடும். அதை வைத்து உணர்கருவி செய்வது அவன் பிரிவு. ஊழியர்கள் அவளைப் 'படலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அவளுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. கேட்டதற்கு, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மழுப்பினான். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு முள். சாப்பிடும்போது தகட்டுச் சூட்டின் அளவைப் பற்றி அவன் விசாரிப்பதும், அவள் வந்ததும் தொலைபேசியில் குரலைத் தாழ்த்துவதும் அந்த முள்ளை இன்னும் ஆழமாக இறக்கின.

அதனால் ஒரு மாதமாக ஒன்றை மட்டும் அவள் குறிப்பேட்டில் எழுதவில்லை. மூன்று விநாடி தெளித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த தகடு பழைய சூட்டுக்கு ஏறும்வரை காத்திருந்துதான் மறுபடி தெளிக்க வேண்டும். சொந்தப் புருஷனிடமே ஒளிக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம், "அம்மாவுக்கு முட்டி வலி. நீ இன்னைக்கு லீவு போட்டுடு" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். சற்று நேரத்தில் மாமியார் முக்காலிமேல் ஏறிப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முட்டி வலி தன்னை வீட்டில் நிறுத்த ஒரு சாக்கு என்று மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கணவன்தான்.

"கருவி வாங்க வந்தவங்க உக்காந்திருக்காங்க. படலம் மாவு மாதிரி உதிருது. நீ கொஞ்சம் வா."

"எதுக்கு?"

"சும்மா... உதவிக்கு."

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முக்காலியிலிருந்து இறங்கினாள். "போய்ச் செஞ்சு குடுத்துட்டு வந்துடும்மா. நீ செஞ்சதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். அவன் மானம் போயிடும்."

"என் மானம், அத்தை?"

"பொம்பளைக்குத் தனியா ஏதும்மா?"

அவள் போனாள். விருந்தினர்கள் பார்த்திருக்க, தகட்டைச் சூடேற்றினாள், தெளித்தாள், கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?" என்று கணவன் காதருகே கிசுகிசுத்தான்.

அவள் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் தகட்டில் மெல்லிய ஊதாப் பளபளப்பு படர்ந்தது. அம்மோனியாவில் நனைத்த பஞ்சை அருகில் கொண்டுபோனதும் மீட்டரில் எண்கள் ஓடின. வந்தவர்கள் தலையசைத்தார்கள். ஆய்வுக்கூட இயக்குநர் பதிவேட்டை மேசைமேல் விரித்தார். "படலம் வளர்த்தவர் கையெழுத்து போடணும்."

கணவன் கையை நீட்டினான். அதற்குள் அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, தேதியும் போட்டாள். பிறகு அதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் போடுங்க. கீழே சாட்சின்னு ஒரு கட்டம் இருக்கு."