ஏழும் நாலும் ஒன்பது

1

என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தந்தியில் பிறந்தது. 'ஞாயிறு காலை ஏழு மணி விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறேன். நாகேந்திரன்.' இதை வைத்து உங்களை அழவைக்கத் திட்டம் போட்டிருந்தேன். நடக்கவில்லை. காரணம் வரலட்சுமி.

திருத்தணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அவள். 1978இல், அந்த ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரச் சத்திரத்தில் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்தரை முதல் பன்னிரண்டு. அக்கினியில் இடும் பொரியை அவள் கையில் அள்ளிப் போடவேண்டியவன் கூடப் பிறந்த அண்ணன் நாகேந்திரன். அவனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

2

முதல் வரைவு: 'அண்ணன் வராத மணமேடையில் வரலட்சுமியின் கண்ணீர் அக்கினியில் சொட்ட…'

[அடித்துவிட்டேன். புகைதான் வரும்.]

இரண்டாவது வரைவில், வெள்ளிக்கிழமையன்று மாப்பிள்ளையின் அப்பா ஜெகநாதன் பெண்வீட்டுக்கு வந்தார். அரக்கோணத்தில் ரயில்வே கார்டு. முப்பது வருஷம் டைம்டேபிளோடு குடும்பம் நடத்தியவர்.

"சிங்கப்பூர் ஆயிரத்து எண்ணூறு மைலுங்க. பிளேன்ல நாலு மணி நேரம். ஏழும் நாலும் பதினொண்ணு. மீனம்பாக்கத்துல வெளிய வந்து, கார் புடிச்சி இங்க வர ஒண்ணே முக்கா ஆவும். பெரியப்பா புள்ள பொரி போடட்டும். பத்தரைக்கே தாலிய கட்டிடலாம்."

கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது. (நானும் அரக்கோணம் லைனில் போய் வருகிறவன்தான்.) அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன்: 'வரலட்சுமி தலை குனிந்து…'

3

குனியவில்லை.

"மாமா, டெல்லியில ஏழுன்னா அரக்கோணத்துலயும் ஏழு. ரயிலுக்கு அது போதும். சிங்கப்பூர்ல ஏழுன்னா நமக்கு அஞ்சுதான். தெனம் ட்ரங்க் கால் போட்டுகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அண்ணன் ஒம்பதுக்கு எறங்கிடும். பதினொண்ணே முக்காலுக்கு இங்க இருக்கும். அதுவரைக்கும் நான் கழுத்த நீட்டமாட்டேன்."

"ஏம்மா, ரெண்டு மணி நேரத்த வழியில கொட்டிட்டா வருவான்?"

"நைனா, நீ சொல்லு நைனா!"

அவள் அப்பா கோதண்டபாணி தறியில் ஓர் இழை அறுந்தாலே பதறுகிறவர். அன்று எழுந்து நின்றார்.

"எம்பொண்ணு சொன்னா சொன்னதுதாங்க. காத்திருப்போம்."

4

ஞாயிறு. கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தேன்: 'திருவள்ளூர் தாண்டியதும் கார் டயர் வெடித்து…'

[வேண்டாம். அப்புறம் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?]

பதினொன்றரை. ஐயர் இருமினார். பெரியப்பா மகன் பொரித்தட்டின் பக்கம் மெல்ல நகர்ந்தான். வரலட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அசையவில்லை. பத்து நிமிஷம் போனது. வாசலில் ஹாரன்!

"லட்சுமீ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான் நாகேந்திரன். அவள் அழுதாள்தான். ஆனால் நான் திட்டம் போட்ட அழுகை இல்லை அது, சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெயித்துவிட்டாள் ஐயா, எழுதுகிறவனையே ஜெயித்துவிட்டாள்! எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

5

ஜெகநாதன் விடுவாரா? எட்டி நாகேந்திரனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் கடிகாரத்தை மாற்றி வைக்கவே இல்லை, அதில் இன்னும் சிங்கப்பூர் நேரம். ஒன்று நாற்பது.

"பாத்தீங்களா! ஒண்ணே முக்கா ஆவும்னு நான் அப்பவே சொல்லல?"

சத்திரமே சிரித்தது. கழுத்தை நீட்டுமுன் வரலட்சுமி மாமனாருக்கு ஒரு பதில் சொன்னாள். அது என்னவென்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.