முப்பிடாதி வீட்டுச் சந்தின் நீளம்

கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பிடாதி குடியிருக்கும் சந்து காக்கிச் சட்டைக்காரர்களுக்கு மட்டும் நீண்டுகொண்டே போகும். மற்றவர்களுக்கு அது ஒரு பீடி அணைவதற்குள் நடந்துவிடக்கூடிய சந்துதான். முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில், கடைசியில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிற சாயா ஆடைகூடக் கட்டாது.

இது ஓர் ஆயுத பூஜையன்று தொடங்கியது. தென்காசிப் பக்கத்திலிருந்து புருஷன் வெங்கிடாசலத்தோடு வந்து இளநீர் விற்கிறவள் முப்பிடாதி. வண்டிக் குடையை எவனோ களவாண்டுவிட்டான் என்று போலீஸைக் கூப்பிட்டது அவளேதான். அதை மறந்துவிடக் கூடாது. எஸ்.ஐ. சுதீர் கதவைத் தட்டியபோது, கழுவிப் பொட்டு வைத்த அரிவாள் அவள் கையில் இருந்தது. ஈரத்தில் குங்குமம் வழிந்திருந்தது. குங்குமத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு இவர்கள் ஊரைக் காக்கிறார்கள்! "கத்தி தாழெ இடெடீ!" என்று அலறினார். "பூசை வச்ச அருவா சார், தரையில போடக் கூடாது," என்றாள் அவள், பலகையைத் தேடிக்கொண்டே. அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அவள் விலாசத்தின் மேல் சிவப்புக் குறி போட்டார்: ஆபத்தானவள், ஆயுதம் உண்டு, யாரும் தனியாகப் போகக் கூடாது. போலீஸாரின் உயிருக்குப் பாதுகாப்பாம். குடை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் முதல் சந்து நீள ஆரம்பித்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பகல், வெங்கிடாசலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் உடனே வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வந்து இஸ்மாயில் கடை முன்னால் நின்றுவிட்டது. குறி போட்ட வீடு, போலீஸ் முன்னே போகாமல் போகக் கூடாது என்றான் டிரைவர். ஜீப்பும் வந்து, தலைக்கவசம் கேடயத்தோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. தீப்பெட்டி அளவானது, கடுகளவானது, பிறகு காணவில்லை. சைரன் மட்டும் கேட்டது. ஆளை அசைக்காதே, வந்துகொண்டே இருக்கிறோம் என்று போனில் சொன்னார்கள்; பாவி மகள் நம்பிக் காத்திருந்தாள். கடைசியில் இஸ்மாயில்தான் ஓடிப்போய், இளநீர் வண்டியில் அவனைக் கிடத்தி அவளோடு தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் ஜீப் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸின் கதவைத் திறந்தபோது அவனுக்கு மூச்சில்லை.

காரியம் முடிந்ததும் குறியை அழிக்கச் சொல்லி முப்பிடாதி ஸ்டேஷனுக்குப் போனாள். சுதீருக்கு அப்போதுதான் மரியாதை வந்திருந்தது. "சேச்சி, எனக்கும் சங்கடம் உண்டு. பக்ஷே குறி அழிக்கணும்னா ஆபீசர் நேரில வீட்டுக்கு வந்து பாக்கணும். அதாணு சட்டம்."

"வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

அவள் முன்னால் நடந்தாள். அவர் இரண்டு போலீஸாரோடு பின்னால் நடந்தார். அவள் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டாள். அவர்கள் நாலைந்து நாள் தாடியோடு சந்து முனைக்குத் திரும்பி, இஸ்மாயிலிடம் தண்ணீர் கேட்டார்கள். வீடு காணக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். குறி அப்படியே இருக்கிறது.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் அனுப்பப்படும் போலீஸார் பொதிச்சோறு கட்டிக்கொண்டு போகிறார்கள். அன்று நுழைந்த ஜீப் இன்னும் வந்து சேரவில்லை. அதிலிருப்பவர்களுக்குச் சம்பளம் மட்டும் ஒழுங்காகப் போகிறதாம். மத்தியானம் தெரு அடங்கினால் சைரன் மெல்லக் கேட்கும். முப்பிடாதி சுவரில் இருக்கும் புருஷனின் படத்தை நிமிர்ந்து பார்த்து, "வந்துக்கிட்டேதான் இருக்காவ," என்பாள். பிறகு அரிவாளைப் பலகையில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போவாள்.